மொக்கை நாவலுக்கு ஒரு வக்காலத்து

"இப்போ என்ன படிச்சிட்டிருக்கீங்க?" என்று யாராவது கேட்டால் நம்மில் பலருக்கு ஒரு விநாடி தடுமாற்றம் வரும். அந்த ஒரு விநாடிக்குள் கையில் இருக்கும் புத்தகம் மறைந்துபோய், ஆறு மாதமாக முப்பதாம் பக்கத்திலேயே நிற்கும் ஏதோ ஒரு ரஷ்ய நாவல் வாயில் வந்து விழும். பொய் என்று சொல்லிவிட முடியாது, அதையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு "இன்னும் ஒரே ஒரு அத்தியாயம்" என்று தூக்கத்தோடு பேரம் பேச வைப்பது அது இல்லை. அது வேற சமாச்சாரம். அதன் அட்டையைக்கூட வெளியில் காட்ட முடியாது. கிண்டில் வந்ததில் வாசக குலத்துக்குக் கிடைத்த பெரிய நன்மை, எதிரில் இருப்பவருக்கு அட்டைப் படம் தெரியாது என்பதுதான்.

இதற்குக் ‘கில்ட்டி பிளஷர்’, அதாவது குற்ற உணர்வோடு அனுபவிக்கும் இன்பம், என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிளஷர் சரி. கில்ட்டி எதற்கு?

துப்பறியும் கதை, பேய்க்கதை, காதல் கதை படிப்பதை நான் சொல்லவில்லை. அந்த வகைகளில் அப்பழுக்கில்லாமல் எழுதப்பட்டவை ஏராளம். அவற்றைப் படித்துவிட்டு வெட்கப்படுகிறவருக்கு வேறு ஏதோ பிரச்சினை. நான் பேசுவது நிஜமாகவே மோசமாக எழுதப்பட்ட புத்தகங்களைப் பற்றி. யாரும் எதையும் வெறுமனே ‘சொல்லாத’ புத்தகங்கள். கர்ஜிப்பார்கள், சீறுவார்கள், உறுமுவார்கள். "மணி என்ன?" என்பதைக்கூட ஒருவன் பற்களை நறநறவென்று கடித்தபடிதான் கேட்பான். ஒரு புள்ளி போதும் என்கிற இடத்தில் மூன்று புள்ளி இருக்கும், பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி காவலுக்கு நிற்கும். நாயகியின் கண்களை வர்ணிக்க ஒரு முழுப்பக்கம். அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பதற்கு அரை வரி, அந்த வேலையும் பத்தாவது அத்தியாயத்தில் சத்தமில்லாமல் மாறிவிடும். நான் படித்த ஒன்றில், மூன்றாம் அத்தியாயத்தில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த சித்தப்பா பதினாறாம் அத்தியாயத்தில் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றார். எழுதியவர் கவனிக்கவில்லை, பதிப்பித்தவரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, வந்தவரை வரவேற்றுவிட்டு, மேலே படித்தேன்.

ஒரு விஷயம். மோசம் வேறு, அலுப்பு வேறு. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாமல், அளவெடுத்த வாக்கியங்களில், யாருக்கும் எதுவும் நடக்காமல் நகரும் நாவல்கள் உண்டு. மரியாதையாக மூடி வைத்துவிடுவேன். மொக்கை என்ற சொல் உண்மையில் அவற்றுக்குத்தான் பொருந்தும். ஆனால் அவற்றை அப்படி யாரும் சொல்வதில்லை, ‘நிதானமான நடை’ என்பார்கள். போகட்டும்.

நான் சொல்லும் வகையில் வாக்கியம் எப்படி இருக்கும் என்று நானே ஒன்று செய்து காட்டுகிறேன். "அவனுடைய இரும்பு இதயத்தில் உறைந்திருந்த பனிப்பாறை, அவளுடைய ஒற்றைப் பார்வையில் எரிமலையாய் வெடித்துச் சிதறிக் கண்ணீர்க் கடலாய்ப் பொங்கியது. அப்போது கதவு தட்டப்பட்டது."

முதல் வாக்கியத்தில் ஐம்பூதங்களில் மூன்று ஆஜர், காற்றும் ஆகாயமும்தான் பாக்கி. இதில் எதையும் மனக்கண்ணால் பார்க்க முடியாது. பார்க்க முயன்றால் அந்த ஆளுக்கு உடனே ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டும். ஆனால் இரண்டாவது வாக்கியம்? தட்டியது யார்? அவள் அண்ணனா? செத்துப்போனதாகச் சொன்ன முதல் மனைவியா? முதல் வாக்கியத்தைச் சிரித்துக்கொண்டே தாண்டிய கண் இங்கே வசமாக மாட்டிக்கொள்கிறது. இந்த மாதிரி புத்தகங்களைப் படித்துப் பழகிய கண்ணுக்கு ஒரு வித்தை கைவந்திருக்கும். உவமைகளின் மேல் வழுக்கிக்கொண்டு போய், சம்பவத்தில் மட்டும் கால் ஊன்றும். நல்ல உரைநடையை அப்படிப் படிக்க முடியாது. ஒரு வரியை விட்டால் எதையோ இழந்துவிடுவோம் என்று மனசு அடித்துக்கொள்ளும். மோசமான உரைநடையில் அந்தப் பயமே இல்லை. முந்நூறு பக்கம் ஒரே ராத்திரியில் தீர்வது அதனால்தான்.

"மூளையைக் கழற்றி வெச்சிட்டுப் படிக்கணும்" என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். எனக்கு இது சுத்தமாக ஒத்துவராது. என் மூளை அந்த நேரத்தில் செய்கிற வேலை கொஞ்சநஞ்சமில்லை. இந்த வரியை வெட்டியிருக்கலாம், இந்தக் காட்சியை முன்னால் கொண்டுபோயிருக்கலாம், இவனுக்கு இந்த ரகசியம் இப்போதே தெரிந்தால் மிச்சக் கதை என்ன ஆகும் என்று பக்கத்துக்குப் பக்கம் ஒரு எடிட்டர் உள்ளே உட்கார்ந்து முனகிக்கொண்டே இருப்பார். நல்ல நாவலில் அவருக்கு வேலை இல்லை, வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பதோடு சரி. மோசமான நாவலில் தையல் வெளியே தெரியும். ஆசிரியர் எங்கே நம்மைத் தொங்க விடுகிறார், எந்தத் தகவலை வேண்டுமென்றே ஒளிக்கிறார், சம்பந்தமே இல்லாமல் இப்போது ஏன் மழை பெய்கிறது என்பதெல்லாம் பளிச்சென்று தெரியும். கதையை எப்படி நகர்த்துவது என்பதைப் பற்றி நான் தெரிந்துகொண்டதில் பாதி, அதை அரைகுறையாகச் செய்தவர்களிடமிருந்து வந்ததுதான்.

மோசமான எழுத்தின் சரித்திரத்தில் ஒரு மகாராணி உண்டு. அமாண்டா மெக்கிட்ரிக் ராஸ், அயர்லாந்துக்காரர், 1860-ல் பிறந்து 1939-ல் இறந்தவர், பள்ளி ஆசிரியை. ‘ஐரீன் இடெஸ்லீ’ என்ற அவருடைய முதல் நாவல் 1897-ல் வந்தது. பத்தாவது திருமண நாள் பரிசாகக் கணவர் கைக்காசைப் போட்டு அச்சடித்துக் கொடுத்தது. ஆங்கிலத்தின் ஆக மோசமான நாவல் எது என்ற பேச்சு வரும்போதெல்லாம் அதன் பெயர் அடிபடும். அம்மணிக்கு மோனை மேல் அப்படியொரு வெறி. ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களை அடுக்கிக்கொண்டே போவார், அர்த்தம் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடிவரும். வேறொரு நாவலில் பாத்திரங்களுக்கு வரிசையாகப் பழங்களின் பெயர், ராஸ்பெர்ரி பிரபு என்று ஒருவர் வருகிறார். ஆக்ஸ்ஃபோர்டில் டோல்கினும் சி. எஸ். லூயிஸும் இருந்த இன்க்லிங்ஸ் என்ற எழுத்தாளர் குழுவில் ஒரு போட்டி நடக்குமாம், ராஸின் எழுத்தைச் சிரிக்காமல் யார் அதிக நேரம் உரக்கப் படிக்கிறார் என்று.

இதை எல்லோரும் ராஸுக்கு நேர்ந்த அவமானமாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதே காலத்தில் ஒழுங்காக, பிழையில்லாமல் எழுதப்பட்டு இன்று பெயர்கூடத் தெரியாமல் போன நாவல்கள் எத்தனை! மொழியே தொழிலாக இருந்த மனிதர்கள் மெனக்கெட்டு ஒன்றுகூடி உரக்கப் படித்தது ராஸைத்தான். அவருக்கோ, தான் மாபெரும் எழுத்தாளர் என்பதில் துளி சந்தேகம் இல்லை. கிண்டலடித்த விமர்சகரை அடுத்த நாவலின் முன்னுரையிலேயே வைத்து வாங்கினார். அந்த நம்பிக்கைதான் ஒவ்வொரு வரியிலும் கொதித்துக்கொண்டிருக்கிறது. அது இல்லாவிட்டால் அவரைப் பத்து பக்கம் தாண்டிப் படிக்க முடியாது.

வேண்டுமென்றே மோசமாக எழுதினால் இது வராது. அமெரிக்காவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1982-ல் ஒரு போட்டி ஆரம்பித்தார்கள். 19-ஆம் நூற்றாண்டு நாவலாசிரியர் புல்வர் லிட்டன் பெயரில், கற்பனையான ஒரு நாவலுக்கு ஆக மோசமான தொடக்க வாக்கியம் எழுத வேண்டியிருந்தது. பரிசு பெற்ற வாக்கியங்கள் சில வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பவை. ஆனால் கவனியுங்கள், ஒரு வாக்கியம்தான். தெரிந்தே செய்யும் மோசத்தை அதற்கு மேல் தாங்க முடியாது, எழுதுபவராலும் முடியாது, படிப்பவராலும் முடியாது. முந்நூறு பக்கத்துக்கு மோசமாக எழுத மனப்பூர்வமான ஈடுபாடு வேண்டும்.

என் வாதத்துக்கு இடிக்கும் உதாரணமும் ஒன்று இருக்கிறது. 1960-களில் அமெரிக்காவின் நியூஸ்டே பத்திரிகையைச் சேர்ந்த மைக் மெக்ரேடி, சக பத்திரிகையாளர்களைச் சேர்த்துக்கொண்டு ஆளுக்கொரு அத்தியாயமாக, திட்டமிட்டு மோசமான, செக்ஸ் நிறைந்த நாவல் ஒன்றை உருவாக்கினார். நன்றாக வந்துவிட்ட பகுதிகளைத் திருத்திக் கெடுத்தார்களாம். 1969-ல் பெனலோபி ஆஷ் என்ற பொய்ப் பெயரில் வந்தது. விற்றது. குட்டு வெளிப்பட்டதும் இன்னும் அமோகமாக விற்றது. வாசகர்களின் ரசனை எவ்வளவு மட்டம் என்று நிரூபித்துவிட்டதாக அவர்கள் நினைத்திருக்கலாம். ஆனால் இன்று அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அந்தக் குறும்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கதை நாயகிக்குக் கடைசியில் என்ன ஆயிற்று என்று கவலைப்பட்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

"நான் இதைச் சும்மா கிண்டலுக்குத்தான் படிக்கிறேன்" என்பது இந்த விஷயத்தில் புழங்கும் பெரிய புளுகு. கிண்டலுக்குப் படிக்கிறவர் நாலு ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டுவிட்டு நாற்பதாம் பக்கத்தில் இறங்கிவிடுவார். நானூறாம் பக்கம் வரை போய், அடுத்த பாகம் எப்போது என்று தேடுகிறவர் மாட்டிக்கொண்டவர். ஒத்துக்கொள்ளுங்கள்.

ஜார்ஜ் ஆர்வெல் 1945-ல் ‘நல்ல மோசமான புத்தகங்கள்’ என்றே ஒரு கட்டுரை எழுதினார். அந்தச் சொற்றொடர் ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்டனிடமிருந்து கடன் வாங்கியது. இலக்கியப் பாவனை எதுவும் இல்லாமல், கனமான படைப்புகள் காணாமல் போன பிறகும் படிக்க முடிகிற புத்தகங்களைப் பற்றிப் பேசுகிறார். புத்தி ஏற்க மறுக்கும் ஒரு புத்தகம் நம்மைச் சிரிக்கவும் அழவும் வைக்கிறது என்றால், கலையும் புத்திசாலித்தனமும் ஒன்றல்ல என்று அர்த்தம் என்பது அவர் கட்சி. அந்த ஜோரில், இலக்கிய உலகம் கொண்டாடும் வர்ஜீனியா வுல்ஃபின் மொத்த எழுத்தையும் தாண்டி, அடிமைமுறையைப் பற்றிய உணர்ச்சிகரமான நாவலான ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ நிலைக்கும் என்று பந்தயம் வேறு கட்டினார். எண்பது வருஷம் ஆகிவிட்டது, இரண்டும் அச்சில் இருக்கின்றன. ஆர்வெல் இன்னும் ஜெயிக்கவில்லை, தோற்கவும் இல்லை. என்னைக் கேட்டால் பந்தயமே தேவையில்லாதது. ஒன்றைப் படித்தால் இன்னொன்று செத்துவிடுமா என்ன?

இதே தப்பைத்தான் ‘ஏணி’க்காரர்களும் செய்கிறார்கள். "பரவாயில்லை, இதைப் படிக்கிறவங்க படிப்படியா நல்ல இலக்கியத்துக்கு வந்துடுவாங்க" என்று பெருந்தன்மையாக முதுகைத் தட்டிக் கொடுப்பவர்கள். நான் எங்கேயும் வந்துகொண்டிருக்கவில்லை ஐயா. காலையில் ஒரு நல்ல கவிதைத் தொகுப்பு, ராத்திரி அந்தக் கர்ஜிக்கும் நாயகன். இரண்டும் வேண்டும், ஒரே நாளில் வேண்டும். உடம்பு முடியாமல் படுத்திருக்கும்போது, ஏதோ ஒரு ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கும்போது, நல்ல எழுத்து நம்மிடம் கேட்கிற கவனத்தைக் கொடுக்க முடியாது. அப்போது எதையும் கேட்காமல் கூட வந்து உட்காருவது இந்தப் புத்தகங்கள்தான். அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரியும், தெரிந்ததே நடக்கும். அந்த நேரத்துக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

எனக்குக் குற்ற உணர்வு வரும் இடம் வேறு. நாயகன் நாயகியைக் கடத்திக்கொண்டு போவான், அறைவான், பூட்டி வைப்பான். அதையெல்லாம் ‘அளவுக்கு மீறிய பாசம்’ என்று கதை சொல்லும். முடிவில் அவளே மன்னிப்புக் கேட்பாள். இந்த ரகம் இப்போது எக்கச்சக்கமாக வருகிறது, லட்சக்கணக்கில் படிக்கவும் படுகிறது. இதற்கும் வாக்கியம் மோசமாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை. அழகான வாக்கியத்தில் இதையே எழுதியவர்களும் உண்டு, அவர்கள் இன்னும் ஆபத்தானவர்கள், ஏனென்றால் அங்கே வழுக்கிக்கொண்டு போக முடியாது, ஒவ்வொரு வரியும் உள்ளே இறங்கும். ஆனால் நம் ஊடக விமர்சனங்களில் உவமையைப் பிடித்துக்கொண்டு நாலு பத்தி சிரிப்பார்கள், அவன் அறைந்ததைப் பற்றி ஒரு வரி இருக்காது. எனக்கு எரிச்சல் அங்கேதான்.

அதனால் இந்த மாதிரி புத்தகம் எதையாவது யாருக்காவது சிபாரிசு செய்தால் நடை எப்படி என்று நான் எச்சரிப்பதே இல்லை. அதை முதல் பக்கத்திலேயே அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நாயகன் கை நீட்டுகிற ஆளா இல்லையா என்பதை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுவேன்.