பிரிட்டனில் விசா இல்லாமல் படகு வேலையா? உண்மை விளக்கம்

"பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிவிட்டதால் அங்கே மீன்பிடிப் படகுகளுக்கு ஆளில்லை, இந்தியர்கள் விசா இல்லாமலே போகலாம், முன்பணம் கட்டினால் போதும்" என்ற குரல் பதிவு பாம்பன், தங்கச்சிமடம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவருகிறது. இது உண்மையல்ல.

2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் விலகியதால், 2021 முதல் தடையின்றிச் சென்று வேலை பார்க்கும் உரிமையை இழந்தவர்கள் ஐரோப்பிய ஒன்றிய நாட்டவரே. அந்த உரிமை இந்தியர்களுக்கு அதற்கு முன்பும் இருந்ததில்லை, இப்போதும் இல்லை. ஆட்பற்றாக்குறை பல தொழில்களில் ஏற்பட்டது என்பது மெய்தான். ஆனால் அதற்காக விசா விலக்கு எதுவும் தரப்படவில்லை. மாறாக, பிரிட்டன் உள்துறையின் உரிமம் பெற்ற நிறுவனம் அளிக்கும் வேலைச் சான்று, ஆங்கிலத் தேர்ச்சி, 2025 ஜூலையிலிருந்து பொதுவாக ஆண்டுக்குக் குறைந்தது 41,700 பவுண்டு சம்பளம் என நிபந்தனைகள் இறுகிக்கொண்டே போகின்றன.

வலையையும் நகையையும் அடகு வைக்கத் துணியும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்: உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலைப் பிரிட்டன் அரசின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் நம் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்பதையும் அந்த இ-மைக்ரேட் தளத்திலேயே சரிபார்க்கலாம். பதிவு பெற்ற முகவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் தவிரக் கூடுதலாக வாங்கச் சட்டம் அனுமதிக்கவில்லை.