தூக்கி எறியப்படுவதும் காலெடுத்து வைப்பதும்

போன கிழமை கிளிநொச்சியில் இளம் பிள்ளைகளுக்கான ஒரு தொழில் வழிகாட்டல் நிகழ்வுக்குப் போயிருந்தேன். வந்திருந்த பேச்சாளர் நன்றாகவே கதைத்தார். கம்ஃபர்ட் சோன், கம்ஃபர்ட் சோன் என்று பல தடவை சொன்னார், அதாவது நாங்கள் பழகிப்போன வட்டம், அதை விட்டு வெளியில் வராதவர்கள் முன்னேறவே முடியாது என்றார். அதெல்லாம் பரவாயில்லை. முடிக்கும்போது, "நீங்கள் யுத்தத்தையே பார்த்த ஆக்கள், உங்களுக்கு இதுக்கு மேல என்ன பயம்?" என்று கேட்டார். மண்டபம் கைதட்டியது. எனக்குப் பக்கத்தில் இருந்த தங்கச்சி மட்டும் கைதட்டவில்லை. மடியில் வைத்திருந்த சான்றிதழ் ஃபைலை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள்.

அந்தப் பிள்ளைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2009இல், யுத்தத்தின் கடைசி மாதங்களில், எனக்குப் பத்தொன்பது வயது. விசுவமட்டிலிருந்து உடையார்கட்டு, தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், பிறகு செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாம். ஒவ்வொரு இடத்திலும் ஒரு தறப்பாள் கட்டி, அடுப்புக்கு மூன்று கல் தேடி, கிணறு எங்கே என்று பழகுவதற்குள் அடுத்த இடம். எங்களை யாரும் "வெளியே வருகிறாயா" என்று கேட்கவில்லை. அந்த ஓட்டம் எங்களுக்குத் துணிவைப் பழக்கியது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எனக்குப் பழக்கியது வேறு: கையில் இருப்பதை விடாதே, இருக்கிற இடத்தை விட்டு அசையாதே. இன்றைக்கும் எங்கள் வீட்டில் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், காணி உறுதி எல்லாம் ஒரே பையில், கதவுக்குப் பக்கத்து ஆணியில்தான் தொங்குகிறது. அலுமாரி வாங்கிப் பல வருசம் ஆகிவிட்டது. அம்மா அதை அலுமாரிக்குள் வைக்க விடமாட்டா.

2017இல் கொழும்பில் ஒரு கம்பனி நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டது. தனியாகப் போன முதல் பயணம். இரவு பஸ் விடிய முன்னம் புறக்கோட்டையில் இறக்கி விட்டது. கொள்ளுப்பிட்டிக்கு எந்த பஸ் என்று ஒருவரிடம் கேட்டால் முடிந்தது. எனக்கு வாய் திறக்கவில்லை. திறந்தால் தமிழ் வரும், தமிழ் வந்தால் எந்த ஊர் என்று கேட்பார்கள், ஊரைச் சொன்னால்... அதற்கு மேல் யோசிக்கவே முடியாமல் நடக்கத் தொடங்கினேன். வழி பிழைத்து, திரும்பி நடந்து, போய்ச் சேர்ந்தபோது என் முறை முடிந்துவிட்டது. அன்று பின்னேரமே பஸ் ஏறினேன். வீட்டில் "வேலை சரிவராது போல" என்று மட்டும் சொன்னேன். எறிகணை விழுந்துகொண்டிருந்தபோது குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போனவள் நான். அதே நான்தான் எட்டு வருசத்துக்குப் பிறகு ஒரு பஸ் நம்பர் கேட்கப் பயந்து நின்றேன். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியும். மேடையில் நின்று கதைப்பவர்களுக்கு இது விளங்க வேண்டும்.

2018இல் பட்டதாரிப் பயிலுநர் நியமனம் கிடைத்தது. மாதம் 20,000 ரூபா கொடுப்பனவு, அடுத்த வருசம் அபிவிருத்தி உத்தியோகத்தராக நிரந்தரம். அன்று அம்மா வற்றாப்பளைக் கோயிலுக்கு நேர்ந்து பொங்கினா. அரச உத்தியோகத்தை எங்கள் ஆக்கள் ஏன் இப்படிக் கட்டிப்பிடிக்கிறார்கள் என்று கேலி பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். பொருளாதாரத் தடை இருந்த காலத்திலும், ஏ9 பாதை பூட்டியிருந்த காலத்திலும், வன்னிக்குள் வாத்தியார் வீட்டுக்கும் கந்தோர்க்காரர் வீட்டுக்கும்தான் சம்பளம் என்று ஒன்று வந்தது. தோட்டம் போனது, கடை எரிந்தது, ஆடு மாடு ஓடியது. அதைப் பார்த்த தாய் தகப்பன் பிள்ளைக்கு வேறு என்ன கேட்பார்கள்? அந்த ஆசைக்குள் கணக்கும் இருக்கிறது, காயமும் இருக்கிறது.

ஆனாலும் நாலு வருசத்தில் எனக்கு அந்தக் கதிரை இறுகத் தொடங்கியது. ஒரு மேசைக்கு மூன்று பேர். படிவம் வரும், நிரப்புவோம், போகும். ஊரில் கச்சான் (நிலக்கடலை) பிடுங்கும் காலத்தில் மூட்டை மூட்டையாக லொறி ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டே கந்தோருக்குப் போவேன். லொறியில் ஏத்துகிறவன் விலையைச் சொல்வான், விளைவித்தவன் கேட்பான். முறிகண்டியில் வறுத்து விற்கிற அக்காமாருக்கு இருக்கிற மதிப்புக்கூட விசுவமட்டில் அதை விதைக்கிறவனுக்கு இல்லை. இதில் ஏதாவது செய்யவேண்டும் என்ற எண்ணம் இருந்தது. கால்தான் எழும்பவில்லை.

என் காலை எழும்ப வைத்தது சின்னம்மா. அவ முகமாலையில் கண்ணிவெடி அகற்றுகிறா. சித்தப்பா இன்றுவரை காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பட்டியலில். கூலி வேலைக்குப் போய்ப் பிள்ளைகளைப் படிப்பிக்க முடியாமல் இந்த வேலைக்குப் போனவ. அவவைப் போல நிறையப் பெண்கள் அங்கே வேலை செய்கிறார்கள். வெயிலில், முகக்கவசமும் நெஞ்சுக்கவசமும் போட்டு, முழங்காலில் இருந்து, மண்ணைச் சுரண்டிச் சுரண்டி. ஒரு நாள் கேட்டேன், "பயமில்லையா சின்னம்மா?"

"பயமில்லாத ஆளை அங்க எடுக்கமாட்டினம் பிள்ளை. சுத்தமாக்கின நிலத்திலதான் முழங்கால் இருக்கும். கை மட்டும்தான் முன்னுக்குப் போகும். அந்தத் துண்டு முடிஞ்சாப் பிறகுதான் முழங்காலை நகர்த்துவம்."

இதைச் சொல்லிவிட்டு அவ மீன் வெட்டப் போய்விட்டா. எனக்கு அந்த இரவு நித்திரை இல்லை. புறக்கோட்டையில் நான் தோற்ற காரணம் அப்போதுதான் பிடிபட்டது. காலுக்குக் கீழே துப்பரவாக்கிய ஒரு சாண் நிலம்கூட இல்லாமல் முழு உடம்பையும் எறிந்திருந்தேன். (இதை வாசித்துவிட்டு கண்ணிவெடி வேலையைப் பெருமையாகப் பேச வேண்டாம். வேறு வழி இருந்திருந்தால் சின்னம்மா போயிருக்கமாட்டா.)

2022இல் நெருக்கடி நேரத்தில் அரசாங்கம் ஒரு சுற்றறிக்கை விட்டது. அரச ஊழியர்கள் ஐந்து வருசம் வரை சம்பளமற்ற விடுமுறையில் போகலாம், வெளிநாட்டுக்கும் போகலாம், உள்ளூரிலும் வேறு தொழில் செய்யலாம், சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதகமில்லை என்று. செலவு குறைக்க அவர்கள் செய்தது. எனக்கு அது முழங்காலுக்கு நிலமாகத் தெரிந்தது. 2023இல் விண்ணப்பித்தேன். அம்மா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் அப்பாதான் சொன்னார்: "விதைநெல்லை அவள் குத்தித் தின்னேல்லை. எடுத்து வச்சிட்டுத்தான் போறாள். விடு."

கச்சானை வாங்கி, உடைத்து, தரம் பிரித்து, வறுத்துப் பொதி செய்து விற்பது. சொல்ல ஒரு வரி. செய்யும்போது முதல் அறுபது கிலோ பூஞ்சணம் பிடித்துத் திரும்பி வந்தது. அவசரப்பட்டு, சரியாகக் காயாததை மூட்டை கட்டியது என் பிழை. கச்சானில் ஈரம் பத்து வீதத்துக்குக் கீழே இறங்காவிட்டால் பூஞ்சணம் வரும், அந்தப் பூஞ்சணம் விடுகிற அஃப்ளடொக்சின் என்ற நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. அதைப் பிறகு படித்தேன். முழுவதையும் குழி வெட்டித் தாட்டேன். அந்தக் குழிக்குப் பக்கத்தில் இருந்து அழுதேன். ஆனால் அடுத்த மாதம் கந்தோருக்குத் திரும்பிப் போகலாம் என்று தெரிந்திருந்ததால்தான் இன்னொரு மூட்டை வாங்கினேன். திரும்பிப்போகும் பாதை மனிசரைச் சோம்பலாக்கும் என்று சொல்கிறார்கள். என் விசயத்தில் அதுதான் நின்று பிடிக்க வைத்தது.

கச்சானைவிடக் கடினமானது சிங்களம். தம்புள்ளையில் ஒரு வியாபாரியோடு நேரே விலை பேசினால் இடையில் ஒருவருக்குப் போகிற காசு மிஞ்சும். ஆனால் அந்த மொழியை நான் அதுவரை சோதனைச் சாவடியிலும் முகாமிலும்தான் கேட்டிருந்தேன். உத்தரவாகக் கேட்ட மொழியில் பேரம் பேசுவது என்றால் சும்மா இல்லை. வவுனியாவில் ஒரு வயதான சிங்கள அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் பழகினேன். முதல் மாதம் இலக்கங்கள் மட்டும். இரண்டாம் மாதம் அந்த அம்மா தன் மகனின் படத்தைக் காட்டினா. 2008இல் ஆமியில் செத்தவராம். நாங்கள் இரண்டு பேரும் அன்று பாடம் படிக்கவில்லை. பிளேன்டீ குடித்துவிட்டு எழும்பி வந்தேன். அடுத்த ஞாயிறும் போனேன். என் வாழ்க்கையில் நான் வட்டத்தை விட்டு வெளியே வைத்த பெரிய அடி எது என்று கேட்டால், அந்த அடுத்த ஞாயிறைத்தான் சொல்லுவேன்.

வேலை மட்டுமா? என் சிநேகிதி ஒருத்தி 2009இல் புருசனை இழந்தவள், 2021இல் மறுமணம் செய்தாள். முப்பத்தெட்டு வயதில். ஊர் கதைத்தது, இன்னும் கதைக்கிறது. அவளுக்கு நிலமாக இருந்தது மாமியார். செத்துப்போன மகனின் தாய். "உனக்கு அங்க சரிவரேல்லை எண்டால் இது உன்ர வீடுதான்" என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னா. அந்த மனிசிக்கு முன்னால் எந்தப் பேச்சாளரை நிறுத்துவது?

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இது என்னைக் கொதிக்க வைக்கிற விசயம். யுத்தம் முடிந்த பிறகு எங்கள் ஊர்களுக்குள் நுண்கடன் வந்ததும் இதே மாதிரிப் பேச்சோடுதான். "பெண்களே, துணிந்து தொழில் தொடங்குங்கள்." தொழிலைப் பழக்க ஆளில்லை, சந்தை இல்லை, கிழமைக்குக் கிழமை மோட்டார் சைக்கிளில் வசூலிக்க மட்டும் ஆள் வந்தது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்கக் காதுத் தோடு அடகு. இழக்க ஒன்றும் இல்லாதவரை "ரிஸ்க் எடு" என்று தள்ளிவிடுவதற்குப் பெயர் ஊக்கம் இல்லை. இரண்டாம் முறை இடம்பெயர்க்கிறது அது. தள்ளுவதற்கு முதல், விழுந்தால் எங்கே விழுவா என்று பார்த்தீர்களா?

அந்தத் தங்கச்சியிடம் நிகழ்வு முடிந்து கதைத்தேன். தையல் படித்திருக்கிறாள், வவுனியாவில் ஒரு இடத்தில் வேலை இருக்கிறதாம், போகப் பயமாம். வீட்டில் "போனால் போனதுதான்" என்று சொல்லியிருக்கிறார்கள். தாயின் நம்பரை வாங்கி நேற்றுப் பேசினேன். மூன்று மாதம் போய்ப் பார்க்கட்டும், சரிவராவிட்டால் வரட்டும், அவளின் மெஷினை விற்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கனநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, மெஷினை மூடி வைக்கிறன்" என்றா.

விசுவமடு, உடையார்கட்டுப் பக்கம் சிங்களம் பழக விருப்பமானவர்கள் ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு எங்கள் வளவுக்கு வரலாம். வவுனியா அம்மா மாதத்தில் ஒரு தடவை வருவா, மற்ற ஞாயிறுகளில் எனக்குத் தெரிந்ததைச் சொல்லித் தருவேன். காசு இல்லை. இப்போது ஆறு பேர் வருகிறோம். கதிரை காணாவிட்டால் பாய் இருக்கு.