ரெட்டிகுலம் 2-ஐ விட்டுவிட்டீர்களே

தங்கமும் யுரேனியமும் நியூட்ரான் விண்மீன்கள் (வெடித்த பெரிய விண்மீன்களின் மிக அடர்ந்த மிச்சங்கள்) மோதியதில் பிறந்தவை என்பதற்கு, அப்படியொரு மோதலின் ஈர்ப்பலைகள் 2017-இல் பிடிபட்ட நிகழ்வை மட்டுமே உங்கள் கட்டுரை சான்றாகக் காட்டுகிறது. அதற்கு முந்தைய ஆண்டே ரெட்டிகுலம் 2 என்ற குட்டி விண்மீன் மண்டலம் (கேலக்சி) அருமையான துப்பு கொடுத்துவிட்டது. சிலியிலுள்ள மெகல்லன் தொலைநோக்கியில் அலெக்சாண்டர் ஜி, அன்னா ஃப்ரெபெல் குழுவினர் அங்கே 9 விண்மீன்களின் ஒளியைப் பிரித்து, எந்தெந்தத் தனிமங்கள் இருக்கின்றன என்று பார்த்தார்கள். 7-இல் யூரோப்பியம், பேரியம் எல்லாம் எக்கச்சக்கம்! தங்கம் உருவாகும் அதே வகை நிகழ்வில் உருவாகக்கூடிய கனமான தனிமங்கள் இவை. இதைப் போன்ற மற்ற குட்டி மண்டலங்கள் பெரும்பாலானவற்றில் இவை மிக மிகக் குறைவு. சாதாரண சூப்பர்நோவாக்கள் (விண்மீன் வெடிப்புகள்) சிறுகச் சிறுகச் சேர்த்திருந்தால் எல்லாவற்றிலும் ஓரளவாவது இருக்க வேண்டுமே. ஆக, எப்போதோ நடந்த ஒரே ஒரு பெரிய நிகழ்வுதான் காரணம். சரி, அது மோதலா, அரிய வகை சூப்பர்நோவாவா? இன்னும் முடிவாகவில்லை. கட்டுரை அதையும் சொல்லியிருக்க வேண்டும்.