கருவில் மரபணுத் திருத்தம்: 72 சதவீதம் பேர் எதற்கு ஆதரவு தந்தார்கள்?

மனிதக் கருவின் மரபணுவைத் திருத்த மக்கள் ஆதரவு இருக்கிறது, ஆகவே சட்டத்தைத் தளர்த்தலாம் என்று எவரேனும் எழுதினால், மக்களிடம் கேட்கப்பட்ட கேள்வி என்ன என்றே நான் முதலில் பார்க்கிறேன். 2018இல் அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் எடுத்த கருத்துக்கணிப்பில், பிறக்கும்போதே இருக்கக்கூடிய கடுமையான நோயைக் குணப்படுத்தக் குழந்தையின் மரபணுவை மாற்றுவது ஏற்கத்தக்கது என்று 72 சதவீதம் பேர் கூறினர். அறிவுத்திறனைக் கூட்டுவதற்கு என்று கேட்டபோது 19 சதவீதம் பேரே ஒப்பினர். இந்தச் சிகிச்சையை உருவாக்க மனிதக் கருக்களில் சோதனை செய்ய வேண்டியிருந்தால் அது எல்லை மீறிய செயல் என்று 65 சதவீதம் பேர் சொல்லிவிட்டனர். கருவைச் சோதிக்காமல் கருவுக்கான சிகிச்சை எப்படி வரும்? 72ஐ மட்டும் எடுத்துக்காட்டுவோர் இந்த 65ஐயும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதே ஆண்டு நவம்பரில், எச்.ஐ.வி. தொற்றாதிருக்கக் கருவிலேயே மரபணு திருத்தப்பட்ட இரட்டைக் குழந்தைகள் பிறந்துவிட்டதாக ஷென்சென் நகர விஞ்ஞானி ஹே ஜியான்குய் அறிவித்தார். தந்தைக்கு எச்.ஐ.வி. இருந்தது உண்மை, ஆனால் விந்தணுக்களைக் கழுவிப் பிரித்துக் கருவுறச் செய்யும் பழைய முறையே தொற்றைத் தடுக்கப் போதுமானதாக இருந்தது. சீனாவில் 2003 முதல் இத்தகைய மரபணுத் திருத்தத்துக்கு எதிரான நெறிமுறைகள் இருந்தும், மீறுவோரைத் தண்டிக்கத் தனிக் குற்றப்பிரிவு இல்லாததால், சட்டவிரோத மருத்துவம் செய்தார் என்ற பேரில்தான் அவருக்கு மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. குற்றவியல் சட்டத்தில் உரிய பிரிவு 2021இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் அந்த இரட்டையரோடு சேர்த்து மூன்று குழந்தைகள் பிறந்திருந்தார்கள்.

அமெரிக்க ஏற்பாடும் எனக்கு நிறைவளிக்கவில்லை. மரபணு திருத்திய கருவைப் பயன்படுத்தும் சோதனைகளுக்கான விண்ணப்பங்களை உணவு மருந்து நிர்வாகம் பரிசீலிக்கக் கூடாது என்ற நிபந்தனை, 2015 முதல் ஆண்டுதோறும் நிதி ஒதுக்கீட்டு மசோதாவில் செருகப்பட்டு வருகிறது. 2019இல் அதை நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று நீக்கியது, சில வாரங்களில் அது மீண்டும் சேர்க்கப்பட்டது. தடை வேண்டும் என்பதே என் கருத்தும். ஆயினும் தலைமுறைகளைத் தொடும் ஒரு முடிவு, முழுமையான விவாதத்துக்குப் பின் நிலையான சட்டமாக நிற்க வேண்டும்.

பிரிட்டனில் 2022இல், மரபுவழி நோய்களோடு வாழும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் குடிமக்கள் குழுவாக அமர்ந்து, நான்கு நாட்கள் நிபுணர்களை விசாரித்து வாக்களித்தார்கள். கடுமையான நோய்களுக்காகச் சட்டத்தை மாற்றுவது பற்றி அரசு பரிசீலிக்க வேண்டும் என்று பெரும்பான்மையோர் கேட்டுக்கொண்டார்கள். அந்த முடிவோடு எனக்கு உடன்பாடில்லை; ஆனால் எந்தக் கருத்துக்கணிப்பின் சதவீதத்தையும்விட அதற்கே நான் அதிக மதிப்பளிக்கிறேன், ஏனெனில் அவர்களிடம் முழுக் கேள்வியும் கேட்கப்பட்டது.