கூட்டணி உடைவது வென்ற பிறகுதான்

அமெரிக்காவின் புதிய மக்கள்தொகைக் கணக்கு வெளிவந்தால் போதும், "வெள்ளையர் பெரும்பான்மைக் காலம் முடியப்போகிறது, இனி சிறுபான்மையினர் கூட்டணிதான் ஆளும்" என்று எழுதத் தொடங்கிவிடுவார்கள். 2020, 2024 தேர்தல்களில் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) வாக்குகளில் ஒரு பகுதி குடியரசுக் கட்சிப் பக்கம் நகர்ந்தபோது, அதே ஆட்கள் ஏமாற்றப்பட்டதுபோலப் புலம்பினார்கள். கூட்டணி என்று ஒன்று எப்போது கட்டப்பட்டது, அது உடைவதற்கு? தோல் நிறத்தை வைத்துத் தலையெண்ணினால் எண்ணிக்கைதான் கிடைக்கும். கூட்டணியை யாராவது உட்கார்ந்து கட்ட வேண்டும், வென்ற பிறகும் பராமரிக்க வேண்டும். அந்த இரண்டாவது வேலையில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள்.

கலிபோர்னியாவின் டெலானோ திராட்சை வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொள்வோம். சீசர் சாவெஸின் போராட்டம் என்றே இன்று அது அறியப்படுகிறது. ஆனால் 1965 செப்டம்பர் 8-ம் தேதி முதலில் தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் பிலிப்பினோ தொழிலாளர்கள். தலைவர் லாரி இட்லியோங்.

கணக்கு எளிமையானது. மெக்சிகோவிலிருந்து தற்காலிகமாக வரவழைக்கப்படும் பிராசெரோ கூலிகளுக்கு மணிக்கு 1.40 டாலர் என்று அரசு நிர்ணயித்திருந்தது. அதே கூலியை அந்த ஆண்டு மே மாதம் கோச்செல்லா பள்ளத்தாக்கில் பிலிப்பினோக்கள் போராடி வாங்கினார்கள். அறுவடை வடக்கே டெலானோவுக்கு நகர்ந்ததும், அங்கிருந்த பண்ணை முதலாளிகள் 1.20-க்கு மேல் தர மறுத்தார்கள். மணிக்கு 1.40, பெட்டிக்கு 25 சென்ட், இவ்வளவுதான் கோரிக்கை.

இவர்களில் பெரும்பாலோர் 1920, 30-களில் இளைஞர்களாக வந்தவர்கள். கலிபோர்னியாவில் வெள்ளையரை மணக்க 1933-ல் சட்டம் இவர்களுக்குத் தடை போட்டது. 1948 வரை அது நீடித்தது. குடியுரிமை பெறும் வழி 1946-ல் வந்த ஒரு சட்டத்தால்தான் திறந்தது. (இந்தியர்களுக்கும் அதே சட்டம்தான் அந்தக் கதவைத் திறந்தது. அமெரிக்காவில் இன்று வாழும் நம்மவர்கள் பலருக்கு இது தெரியாது.) ஆக 1965-ல் இவர்கள் ஐம்பது, அறுபது வயதைத் தொட்ட தனி ஆட்கள். பட்டினி போட வேண்டிய குடும்பம் இல்லாததால் துணிய முடிந்தது. ஆனால் குடியிருந்ததோ முதலாளி தந்த தொழிலாளர் குடியிருப்பில், அதாவது லயத்தில். வேலைநிறுத்தம் தொடங்கியதும் தண்ணீர், மின்சாரம், எரிவாயு எல்லாம் துண்டிக்கப்பட்டன.

பண்ணைகளில் பிலிப்பினோக்களுக்கு ஒரு லயம், மெக்சிகோக்காரர்களுக்கு வேறு லயம். வேலைக் குழுக்களும் தனித்தனி. ஒரு கூட்டம் வேலையை நிறுத்தினால் மற்றதைக் கருங்காலிகளாக இறக்குவது வழக்கம். இட்லியோங் இதைப் பலமுறை பார்த்தவர். அதனால்தான் மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்களின் சங்கத்தை நடத்திய சாவெஸிடம் போனார். வேலைநிறுத்தத்துக்கு இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும் என்றுதான் சாவெஸ் நினைத்திருந்தார். ஆனால் தன் ஆட்கள் மறியலைத் தாண்டி வேலைக்குப் போனால் அடுத்த முறை தன் சங்கத்துக்கும் அதே கதி என்பதும் அவருக்குப் புரிந்தது. செப்டம்பர் 16-ல் வாக்கெடுப்பு, 20-ல் அவர்களும் வெளியே வந்தார்கள்.

அதாவது அண்ணன் தம்பிப் பாசத்தில் யாரும் சேரவில்லை. ஒருவர் இல்லாமல் மற்றவர் தோற்பது உறுதி என்ற நிலை இருந்தது, இரண்டு தரப்பும் கையில் பிடித்துக் காட்டக்கூடிய ஒரே கூலித் தொகை இருந்தது. பிலிப்பினோ சமூகக் கூடத்தில் நடந்த பொதுச் சமையல், சேர்ந்து நின்ற மறியல் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. 1966 ஆகஸ்டில் இரு சங்கங்களும் இணைந்தன: சாவெஸ் இயக்குநர், இட்லியோங் துணை இயக்குநர்.

வெளியாரைச் சேர்த்த விதமும் கவனிக்கத்தக்கது. 1935-ன் தொழிலுறவுச் சட்டம் விவசாயக் கூலிகளை ஒதுக்கிவைத்தது. பெரிய அநீதி. ஆனால் அதே ஒதுக்கல், பின்னாளில் மற்ற சங்கங்களுக்கு விதிக்கப்பட்ட ஒரு தடையிலிருந்தும் இவர்களைத் தப்பவைத்தது: திராட்சையை விற்கும் கடையின் வாசலிலேயே மறியல் செய்யலாம். கடை வாசல் என்றால் யாரும் வந்து நிற்கலாம். தேவாலயங்களும் மாணவர்களும் வந்தார்கள். துறைமுகத் தொழிலாளர்கள் திராட்சையைக் கப்பலில் ஏற்ற மறுத்தார்கள். வாகனத் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்டர் ரூதர் மாதம் 5,000 டாலர் அறிவித்தார். ஓக்லாந்தின் கறுப்பின உரிமை இயக்கமான கருஞ்சிறுத்தைகள், சேஃப்வே என்ற பல்பொருள் அங்காடி நிறுவனத்தின் கடைகளை மறித்தார்கள். குழந்தைகளுக்கான அவர்களது காலை உணவுத் திட்டத்துக்கு உதவ மறுத்த நிறுவனம் அது என்ற கோபமும் அதில் உண்டு. ஒவ்வொருவருக்கும் சொந்தக் காரணம் இருந்தது. அதை யாரும் மறைக்கவுமில்லை.

1970 ஜூலை 29-ல் டெலானோ முதலாளிகள் கையெழுத்திட்டார்கள். விரிசல் பெரிதானது அதன் பிறகுதான்.

ஒப்பந்தப்படி, இனி கங்காணி வழியாக அல்ல, சங்கத்தின் அலுவலகம் வழியாகத்தான் வேலை. வரிசை, சங்கத்தில் சேர்ந்த சீனியாரிட்டிப்படி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிலிப்பினோக்கள் பல ஆண்டுகளாக ஒரே குழுவாக, ஒரே பண்ணைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். பருவத்துக்குப் பருவம் ஊர் மாறுபவர்கள். புதிய விதியில் குழு கலைந்தது, ஒரே பண்ணையில் பல ஆண்டு உழைத்ததற்கு மதிப்பில்லாமல் போனது, ஊரில் இல்லாத மாதங்களின் சந்தா பாக்கியும் தலையில் விழுந்தது. பெரும்பான்மையின் வாழ்க்கை முறைக்கு அளவெடுத்துத் தைத்த விதி அது. கெட்ட எண்ணம் தேவைப்படவில்லை. விதி எழுதும் மேசையில் எண்ணிக்கை குறைந்தவருக்குத் தடுக்கும் அதிகாரம் இல்லாததே போதுமானதாக இருந்தது. 1971-ல் இட்லியோங் விலகினார். மார்கோஸின் சர்வாதிகாரம் நடந்துகொண்டிருந்த 1977-ல் சாவெஸ் பிலிப்பைன்ஸ் போய் வந்தார். அதோடு சங்கத்தின் மற்றொரு பிலிப்பினோ தலைவரான பிலிப் வெரா குரூஸும் வெளியேறினார்.

சிகாகோவின் ஹரோல்ட் வாஷிங்டன் இந்த இடத்தில் சற்றுக் கெட்டிக்காரர் என்பது என் கருத்து. 1983 பிப்ரவரியில், மேயர் பதவிக்கான ஜனநாயகக் கட்சி வேட்பாளர் தேர்வில் லத்தீனோக்களில் பெரும்பாலோர் அவர் பக்கம் இல்லை. ஏப்ரல் தேர்தலில் வந்தார்கள், நகரின் முதல் கறுப்பின மேயரானார். 50 பேர் கொண்ட மாநகர மன்றத்தில் 29 பேர் எதிரணி. மூன்று ஆண்டுகள் எதையும் நகர்த்த விடவில்லை. நீதிமன்றம் வார்டு எல்லைகளைத் திருத்தி ஏழு வார்டுகளில் 1986-ல் மறுதேர்தல் நடத்தவைத்த பிறகுதான் 25-25 ஆனது, மேயரின் ஓட்டு முடிவு செய்யும் நிலை வந்தது. அதற்கு முன்பே, மன்றத்தின் தயவு தேவைப்படாத வழியில் அவர் ஒன்றைச் செய்திருந்தார்: நகர ஊழியர்கள் யாரிடமும் குடியேற்ற நிலையைக் கேட்கக் கூடாது என்ற 1985-ன் நிர்வாக ஆணை. கூட்டணியில் லத்தீனோக்களின் பங்கு இன்னது என்று எழுத்தில் இருந்தது.

1987 நவம்பரில் அவர் திடீரென இறந்தார். ஒரு வாரத்தில் கறுப்பின உறுப்பினர்களே யூஜின் சாயர், டிமோதி எவன்ஸ் என இரண்டாகப் பிரிந்தார்கள்; எதிரணி வெள்ளையரின் ஓட்டோடு சாயர் மேயரானார். 1986 மறுதேர்தலில் வென்று மன்றத்தைச் சமமாக்கிய லத்தீனோ உறுப்பினர் லூயிஸ் குட்டியரெஸ், 1989 மேயர் தேர்தலில் ஆதரித்தது வெள்ளையரான ரிச்சர்ட் டேலியை. டேலி மேயராக வந்ததும் வாஷிங்டனின் அந்தக் குடியேற்ற ஆணையை ரத்து செய்யவில்லை. தன் பெயரில் மறுபடி பிறப்பித்தார்.