லஞ்சம் கவரில் போவதில்லை, பில்லில் போகிறது

பன்னாட்டு நிறுவனங்களில் லஞ்சத் தடுப்பு என்றால் வருடத்துக்கு ஒரு வீடியோ, கடைசியில் பத்துக் கேள்வி, ஒரு கையெழுத்து. எத்தனை சதவீதம் பேர் முடித்தார்கள் என்று தலைமையகத்துக்கு ரிப்போர்ட் போனதும் கோப்பு மூடப்படுகிறது. இதனால் லஞ்சம் நிற்காது. பெரிய கம்பெனியில் யாரும் பீரோவைத் திறந்து நோட்டுக்கட்டை எடுத்துக் கொடுப்பதில்லை. யாரோ ஒருவர் பாஸ் செய்யும் பில் வழியாகத்தான் பணம் வெளியே போகிறது. காவல் போட வேண்டியதும் அங்கேதான்.

சென்னையிலேயே நடந்த காக்னிசன்ட் என்ற ஐடி கம்பெனியின் விவகாரத்தைப் பாருங்கள். 27 லட்சம் சதுர அடி வளாகத்தின் திட்ட அனுமதிக்காக 2014-ல் தமிழக அரசின் மூத்த அதிகாரி ஒருவர் 20 லட்சம் டாலர் கேட்டார் என்பது அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் குற்றச்சாட்டு. கேட்டது கம்பெனியிடம் அல்ல, கட்டட ஒப்பந்ததாரரிடம். அதற்குக் கம்பெனியின் மேலிடமே சம்மதம் கொடுத்தது, பிறகு ஒப்பந்ததாரரின் சேஞ்ச் ஆர்டர்களில், அதாவது ஒப்பந்தத்துக்கு மேல் வரும் கூடுதல் வேலைக்கான பில்களில், அந்தத் தொகையை மறைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள் என்கிறது ஆணையம். 2019 பிப்ரவரியில் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் 2.5 கோடி டாலர் கட்டி முடித்துக்கொண்டது. தானே முன்வந்து தெரிவித்ததால் கம்பெனி மீது கிரிமினல் வழக்கு வரவில்லை. தனிநபர்கள் மீதான கிரிமினல் வழக்கை 2025-ல் அமெரிக்க அரசே கைவிட்டது. வழக்கு எப்படி முடிந்தது என்பதைவிட, பணம் போனதாகச் சொல்லப்படும் பாதைதான் நமக்குப் பாடம்.

கட்டட வேலையில் சேஞ்ச் ஆர்டர் அன்றாட விஷயம். பாறை வந்தது, தூண் ஆழம் கூடியது, ஏசி டக்ட் மாறியது என்று ஐம்பது, அறுபது வரும். அதில் இரண்டு பொய் கலந்தால் அக்கவுண்ட்ஸ் பிரிவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது, ஏனென்றால் அவர் சைட்டைப் பார்த்ததே இல்லை. அவர் கையில் இருப்பது பேப்பர், பேப்பரில் மூன்று கையெழுத்தும் சரியாக இருக்கும். ஆகவே பில்லோடு அளவுப் புத்தகத்தின் பக்கமும், தேதியோடு எடுத்த போட்டோவும், பொருள் உள்ளே வந்த கேட் என்ட்ரியும் சேர்ந்து வர வேண்டும். ‘லம்ப்சம்’ என்று மொத்தமாகப் போட்ட வரி எதுவானாலும் திருப்பி அனுப்புங்கள். அடுத்து, பலர் செய்யாத ஒரு வேலை: அரசு அனுமதிகள் கிடைத்த தேதிகளை ஒரு பக்கத்தில் எழுதி, சேஞ்ச் ஆர்டர் தேதிகளைப் பக்கத்தில் வையுங்கள். மாதக்கணக்கில் நின்ற அனுமதி திடீரென்று கைக்கு வந்து, அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் முடிந்துபோன வேலைக்குப் புதிதாகக் கூடுதல் தொகை கேட்டால், அந்தக் கோப்பை எடுத்துக்கொண்டு சைட்டுக்குப் போங்கள்.

அதிகாரி லஞ்சம் கேட்பதற்கான தெம்பைப் பல நேரம் கம்பெனியே கொடுக்கிறது. அனுமதி வருவதற்கு முன்பே குடிபுகும் தேதியை அறிவித்துவிடுகிறார்கள். பழைய கட்டட வாடகை ஒப்பந்தமும் அதே மாதம் முடிகிறது. ஒரு நாள் தாமதத்துக்கு எவ்வளவு நஷ்டம் என்று எதிரே இருப்பவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அட்டவணையில் அனுமதிக்கு உண்மையான கால அவகாசம் வைப்பதும் லஞ்சத் தடுப்புதான். இதை எந்தப் பயிற்சி வீடியோவிலும் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

இன்னொரு வாசல் இடைத்தரகர்கள். 427 வெளிநாட்டு லஞ்ச வழக்குகளை ஆராய்ந்து, பொருளாதார ஒத்துழைப்புக்கான நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி 2014-ல் வெளியிட்ட அறிக்கையில், நான்கில் மூன்று வழக்குகளில் இடையில் ஒருவர் இருந்தார். 2020 ஜனவரியில் விமானம் தயாரிக்கும் ஏர்பஸ் மூன்று நாடுகளுக்கு மொத்தம் 360 கோடி யூரோ கட்டச் சம்மதித்த வழக்கில் இலங்கைக் கதையும் உண்டு: ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸின் உயர் அதிகாரி ஒருவருடைய மனைவியின் நிறுவனமே இடைத்தரகர். 1.68 கோடி டாலர் வரை தருவதாகப் பேசி, 20 லட்சம் டாலர் கைமாறியது. பிரிட்டனின் ஏற்றுமதிக் கடன் அமைப்பிடம் அந்த மனைவியின் பெயரையும், அவர் பெண் என்பதையும்கூட மாற்றிச் சொல்லியிருந்தார்கள்.

ஏஜென்ட் நியமிக்கும்போது ஜிஎஸ்டி எண், பான் கார்டு, ரத்தான காசோலை வாங்கினால் போதாது. கம்பெனியின் உண்மையான உரிமையாளர் யார், எந்த அதிகாரிக்கு உறவு, இவரை நமக்கு அறிமுகப்படுத்தியது யார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ‘அந்த ஆபீஸிலேயே சொன்னாங்க’ என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வேலை முடிந்தால் இத்தனை சதவீதம் என்ற கட்டணம் வேண்டாம், செய்த வேலைக்கு மணிக்கணக்கில் கொடுங்கள். வேறு நாட்டில் அல்லது வேறு பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் பணம் போகக் கூடாது.

சின்னத் தொகைகளை அலட்சியம் செய்யாதீர்கள். கஸ்டம்ஸ் ஏஜென்ட் பில்லை எடுத்துப் பாருங்கள். சுங்க வரிக்குச் சலான் இருக்கும், துறைமுகக் கட்டணத்துக்கு ரசீது இருக்கும். கீழே ‘சன்ட்ரி’ (இதர செலவு) என்று ஒரு வரி, 4,500 ரூபாய், ரசீது இல்லை. ஒவ்வொரு கன்டெய்னருக்கும் அதே தொகை. மாதம் இருநூறு கன்டெய்னர் என்றால் 9 லட்சம். வேலையைச் சீக்கிரம் முடிக்கக் கொடுக்கும் சில்லறைப் பணத்துக்கு அமெரிக்கச் சட்டத்தில் குறுகிய விலக்கு உண்டு. பிரிட்டன் சட்டத்திலும் நம் சட்டத்திலும் கிடையாது. தலைமையகம் அமெரிக்காவில் இருக்கிறது என்று இங்கே சமாதானம் சொல்ல முடியாது.

2018-ல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தின் 9-ஆவது பிரிவில், இந்தியாவில் தொழில் செய்யும் வெளிநாட்டு நிறுவனமும் தண்டனைக்கு உள்ளாகும். போதுமான தடுப்பு நடைமுறைகள் இருந்தன என்று நிரூபிப்பதே தற்காப்பு. பொறுப்பில் இருந்தவர் சம்மதத்தோடு நடந்திருந்தால் 10-ஆவது பிரிவில் அவருக்கு 3 முதல் 7 ஆண்டு சிறை. கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவருக்கு 8-ஆவது பிரிவு வழி விடுகிறது, ஆனால் 7 நாளுக்குள் காவல் துறை அல்லது விசாரணை அமைப்பிடம் சொல்லியாக வேண்டும்.

இந்த 7 நாள் கணக்கு ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஸ்டோர்ஸில் வேலை பார்ப்பவருக்குத் தெரியுமா? கம்பெனியின் புகார் எண்ணை அழைத்தால் எதிர்முனையில் ஆங்கிலம் பேசுகிறார்கள். தமிழில் பேசும் ஆள் வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை கன்டெய்னர் சிக்கி, ஃபேக்டரி லைன் நிற்கப்போகும் நேரத்தில் போனை எடுக்கும் ஆள் வேண்டும். பணம் கொடுக்க மறுத்ததால் லைன் நின்றால் அது உன் அப்ரைசலில் ஏறாது என்று பிளான்ட் ஹெட் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் அவர் கையில் இருக்க வேண்டும்.