ஃபயர்வால் மட்டும் போதாது: டிஹெச்சிபி-யையும் கவனியுங்கள்

நெட்வொர்க் பாதுகாப்பு பற்றி ஒரு கட்டுரை படித்தேன். டிஹெச்சிபி (கணினிகளுக்கு ஐபி முகவரி கொடுப்பது), டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றிச் சொல்வது) சர்வர்களுக்கு முன்னால் ஃபயர்வால் வைத்தால் பாதுகாப்பு முடிந்தது என்கிறது அது. ஆனால் யாரோ மேசைக்கடியில் செருகும் ஒரு சின்ன வைஃபை ரவுட்டர் ஃபயர்வாலுக்கு உள்பக்கம்தான் இருக்கும். அதுவும் ஐபி முகவரி கொடுக்க ஆரம்பித்துவிடும். தவறான கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வாசல்) கிடைத்த கணினிகள் எல்லாம் முடங்கும்.

இதற்கு மருந்து, கணினிகளின் கேபிள்கள் வந்து சேரும் ஸ்விட்ச்சில் உள்ள டிஹெச்சிபி ஸ்னூப்பிங்: நம்பாத போர்ட்டிலிருந்து வரும் டிஹெச்சிபி சர்வர் பதில்களை அது தடுத்துவிடும். சர்வர் இருக்கும் திசையில் போகும் அப்லிங்க் போர்ட்டை முதலில் 'டிரஸ்ட்' (நம்பகமானது) ஆக்குங்கள், பிறகுதான் ஸ்னூப்பிங்கை இயக்க வேண்டும். வரிசை மாறினால் சர்வரின் பதிலையே ஸ்விட்ச் வீசிவிடும். கொடுமை என்னவென்றால், அது உடனே தெரியாது. லீஸ் (முகவரி செல்லுபடியாகும் காலம்) 8 நாள் என்றால் கணினி 4ஆம் நாள்தான் புதுப்பிக்கக் கேட்கும். பதில் வராவிட்டாலும் 8ஆம் நாள் வரை பழைய முகவரியிலேயே ஓடும். அப்புறம் ஒவ்வொன்றாக 169.254 என்று தொடங்கும், சர்வர் கிடைக்காதபோது தானே வைத்துக்கொள்ளும் முகவரிக்குப் போகும். அதனால் மாற்றம் செய்த கையோடு ஒரு கணினியில் முகவரியை விடுவித்து, மறுபடி வாங்கிப் பாருங்கள். சிஸ்கோ ஸ்விட்ச் என்றால் ஆப்ஷன் 82-ஐயும் (கோரிக்கை எந்த போர்ட்டிலிருந்து வந்தது என்ற குறிப்பு) பாருங்கள்: ஸ்னூப்பிங் அதைத் தானாகச் சேர்க்கும், மேலே உள்ள ரிலே (கோரிக்கையை வேறு நெட்வொர்க்கில் உள்ள சர்வருக்குக் கடத்தும் சாதனம்) அந்தப் பாக்கெட்டை நிராகரிக்கக்கூடும்.

டிஎன்எஸ்-ஸில் ஸோன் டிரான்ஸ்ஃபரை (பெயர்ப் பட்டியல் முழுவதையும் நகலெடுப்பது) இரண்டாம் நிலை சர்வரின் ஐபிக்கு மட்டும் திறந்துவிடுங்கள். ரிகர்ஷன் (மற்ற சர்வர்களிடம் கேட்டு விடை தேடித் தருவது) உள் நெட்வொர்க்குக்கு மட்டும்.

கடிகாரத்தையும் கட்டுரை விட்டுவிட்டது. ஆக்டிவ் டைரக்டரியில் (விண்டோஸ் நெட்வொர்க்கின் பயனர் கணக்குகளை நிர்வகிப்பது) கணினிக்கும் சர்வருக்கும் நேரம் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால், அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பராஸ் முறையில் லாகின் மறுக்கப்படும், எல்லோரும் பாஸ்வேர்டைச் சந்தேகித்துக்கொண்டிருப்பார்கள்.